ஊட்டிவிட ஆள் வரும் என்று காத்திருந்த பிள்ளை

சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில், குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். அங்கே புதிதாகச் சேர்ந்த இரண்டு வயதுத் தமிழ்ப் பையன் இரண்டு நாட்கள் மதியச் சாப்பாட்டைத் தொடவே இல்லை. 'பசியில்லை' என்று அன்றாடக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். மூன்றாம் நாள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கைகளை மடியில் வைத்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கரண்டியில் சோற்றை எடுத்தேன். உடனே வாயை ஆவென்று திறந்தான்.

பிள்ளைக்கு நல்ல பசி. ஊட்டிவிட யாராவது வருவார்கள் என்று காத்திருந்திருக்கிறான்.

மாலையில் அவன் தாயிடம் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பட்டினி போட்டுவிட்டீர்களே அக்கா" என்றார். எங்கள் அறையிலோ "வீட்டில் செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்" என்ற பேச்சு. இரண்டுமே அநியாயம். பருப்புச் சோற்றைப் பிசைந்து, உருட்டி, கதை சொல்லி ஊட்டுகிற வீட்டிலிருந்து வருகிறான் அவன். இங்கேயோ, கொட்டினாலும் சிந்தினாலும் தானே சாப்பிடும் குழந்தைதான் நன்றாக வளர்கிறது என்பது எண்ணம். நியூ சவுத் வேல்ஸ் விதிப்படி இரண்டு வயது அறையில் ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும். ஐந்து பேருக்கும் கடைசி வாய் வரை ஊட்டிக்கொண்டிருக்க ஒருவரால் முடியாது.

தாயும் நாங்களும் பேசி ஒரு வழி கண்டோம். முதல் நான்கு வாய் நான் ஊட்டுவேன், பிறகு சோற்றை அவன் கையில் வைப்பேன். கரண்டி கட்டாயமில்லை. வீட்டிலும் ஒரு வேளையாவது அவனே கையால் அள்ளிச் சாப்பிட விடுவார்கள். மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது.

இத்தனைக்கும் காரணம், சேர்க்கும் நாளில் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை என்பதுதான். 2009-இல் வந்த, பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகளுக்கான ஆஸ்திரேலியாவின் தேசியக் கற்றல் சட்டகம் குடும்பத்தோடு சேர்ந்து இயங்குவதை அடிப்படைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. ஆனால் சேர்க்கைப் படிவத்தில் தடுப்பூசிக்கு இடம் உண்டு, ஒவ்வாமைக்கு இடம் உண்டு, 'வீட்டில் எப்படிச் சாப்பிடுவான்' என்பதற்கு நான் பார்த்தவற்றில் இடமில்லை. பெற்றோர்தான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

மம்மு, இங்கா, சூச்சூ, ஆய் போன்று உங்கள் பிள்ளை சொல்லும் பத்துச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுங்கள். 'சூச்சூ' புரியாமல் ஈரக் காற்சட்டையோடு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கைக்குழந்தையின் முதுகிலோ இடுப்பிலோ பிறவியிலேயே நீலம் பாய்ந்த மச்சம் இருந்தால் முதல் நாளே காட்டி, எழுதி வைக்கச் சொல்லுங்கள். நம் குழந்தைகளுக்கு இது சாதாரணம், ஆனால் பழக்கமில்லாத கண்ணுக்கு அடிபட்டுக் கன்றிய இடமாகத் தெரியும். துன்புறுத்தல் என்று தக்க சந்தேகம் எழுந்தால் அரசுக்குத் தெரிவிப்பது இங்கே எங்கள் சட்டக் கடமை. ஒரு வரிக் குறிப்பு இருந்தால் அந்தக் குடும்பம் தேவையில்லாத வேதனையிலிருந்து தப்பும்.

தூக்கத்தில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்க முடியாது. தூளி கட்ட முடியாது. தலையணை இல்லாத தட்டையான மெத்தையில் மல்லாக்கத்தான் படுக்க வைப்போம். அது குழந்தையின் உயிர் தொடர்பான விஷயம். சேர்ப்பதற்குச் சில வாரம் முன்பே பகல் தூக்கத்தை வீட்டில் அப்படிப் பழக்குங்கள். நீங்கள் பாடும் தாலாட்டைப் பதிவு செய்து தந்தால் போட்டுவிட்டுத் தட்டிக்கொடுக்கிறோம்.

அந்தப் பையன் இப்போது தட்டைக் காலி செய்துவிட்டு, பக்கத்து நாற்காலிப் பிள்ளைக்கு உருண்டை பிடித்து ஊட்டப் போகிறான். ஒவ்வாமைக்குப் பயந்து நாங்கள் உணவைப் பகிர விடுவதில்லை. அதனால் விளையாட்டு மூலையில் ஒரு கிண்ணமும் பொம்மையும் வைத்திருக்கிறோம். சாப்பிட்டதும் நேரே அங்கே போய், "ஆ காட்டு" என்று பொம்மைக்கு ஊட்டுகிறான். கூடவே மற்ற பிள்ளைகளும் "ஆ காட்டு" என்று சொல்லப் பழகிவிட்டார்கள்.