கஞ்சியை இளக்கும் முளை

எட்டு மாதக் குழந்தையின் வயிறு எவ்வளவு கொள்ளும்? எடையில் கிலோவுக்கு 30 மில்லி என்பது மருத்துவர்களின் கணக்கு. எட்டு கிலோ பிள்ளைக்கு 240 மில்லி. ஒரு டம்ளர் நிறைய, அவ்வளவுதான்.

ஆறு மாதம் முடிந்தபின் தாய்ப்பால் மட்டும் போதாது. எட்டு மாதம் வரை தினமும் சுமார் 200 கலோரி இணை உணவிலிருந்து வரவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீடுகளில் முதலில் ஊட்டுவது கஞ்சி. "தண்ணியா கரைச்சுக் குடு, அப்பத்தான் செரிக்கும்" என்பார் பாட்டி. 100 மில்லி தண்ணீரில் இரண்டு சின்ன ஸ்பூன் மாவு, அதாவது 5 கிராம் போட்டுக் காய்ச்சினால் கிடைப்பது 17 கலோரி. 200 கலோரிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும்! பிள்ளை ஒரு கிண்ணம் குடித்ததும் வயிறு முட்டித் தூங்கிவிடும். நமக்கும் திருப்தி. உள்ளே போனதோ பெரும்பாலும் தண்ணீர்.

சரி, மாவைக் கூட்டினால்? களியாகிவிடும். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீளச் சங்கிலி. மாவில் அது குட்டிக் குட்டி உருண்டைகளாகச் சுருண்டு கிடக்கிறது. சூடேறினால் உருண்டைகள் தண்ணீரைக் குடித்து ஊதி உடைகின்றன. வெளிவந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கித் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. பல் முளைக்காத வாயால் அதை விழுங்க முடியாது.

விதைக்கும் ஏறக்குறைய இதே சிக்கல்தான். அதற்குள் இருக்கும் மாவுச்சத்தை முளை அப்படியே தின்ன முடியாது. அதனால் ஈரம் பட்டதும் தானியம் அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. அது சங்கிலியைக் கண்ட இடத்தில் வெட்டும் கத்தரிக்கோல். துண்டுகளுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் வலு இல்லை. முளைகட்டிய கேழ்வரகு மாவில் 100 மில்லிக்கு 20 கிராம் போட்டாலும் கஞ்சி ஓடுகிறது, கலோரியோ நான்கு மடங்கு. 1980களில் பரோடாவில் ஊட்டச்சத்து ஆய்வாளர் தாரா கோபால்தாஸ் குழுவினர் இதைத்தான் ஆராய்ந்தார்கள். கெட்டிக் கஞ்சியை இளக்க ஒரு சிட்டிகை முளைமாவே போதும் என்று கண்டார்கள்.

கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி, ஒன்றிரண்டு நாள் முளைவிட்டதும் வெயிலில் காயவைத்து, லேசாக வறுத்து அரைப்பது நம் ஊர்ப் பழக்கம். 'லேசாக' என்பதுதான் முக்கியம். கருக வறுத்தால் நொதி செத்துவிடும், மணம் மட்டும் மிஞ்சும்.

முளைகட்டுவதால் இன்னொரு லாபமும் உண்டு. தானியத்திலுள்ள பைட்டேட் என்ற பொருள் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்து, உடலில் சேரவிடாமல் தடுக்கும். முளைக்கும்போது அதில் ஒரு பகுதி சிதைகிறது. கருவில் சேர்த்த இரும்பு ஆறாம் மாத வாக்கில் தீரத் தொடங்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. அதற்காக முளைகட்டிய கஞ்சியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது. குழைந்த பருப்பு, முட்டை, மீன், ஈரல், கீரையோடு நாலு சொட்டு எலுமிச்சை எல்லாம் வேண்டும். கஞ்சியில் ஒரு சின்ன ஸ்பூன் நெய் விட்டால் நாற்பது கலோரி கூடும், அதற்கென்று வயிற்றில் தனி இடமும் வேண்டாம்.

கடையில் 'முளைகட்டியது' என்று எழுதி விற்கும் மாவு நிஜமா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். சாதாரண மாவில் ஸ்பூன் நட்டுக்குத்தாக நிற்கிற அளவுக்குக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி இறக்குங்கள். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் முளைமாவு அரை ஸ்பூன் கலந்து கிளறுங்கள். நொதி உயிரோடு இருந்தால் கொஞ்ச நேரத்தில் கஞ்சி இளகி ஸ்பூன் சாயும். அப்புறம் மறுபடி ஒரு கொதி விட்டுத்தான் ஊட்ட வேண்டும், ஏனென்றால் ஈரத்தில் முளைத்த மாவில் கிருமியும் இருக்கும். ஸ்பூன் அசையவே இல்லையா? நீங்கள் காசு கொடுத்து வாங்கியது வெறும் வறுத்த மாவு.