மறைகாப்பு

நோயாளியைப் பற்றி அறிந்ததை வெளியே விடாமல் காக்கும் ‘கான்ஃபிடென்ஷியாலிட்டி’க்குத் தமிழில் என்ன பெயர்? மலேசிய மருத்துவமனைப் படிவங்களில் அந்தப் பொருளில் வரும் ‘கெரஹ்சியாஆன்’ என்ற மலாய்ச் சொல்லைப் பிரித்தால் உள்ளே ‘ரஹ்சியா’ இருக்கும். நம் ‘இரகசிய’த்துக்கும் அதற்கும் தாய் ஒன்றே, வடமொழி ‘ரஹஸ்ய’. ஆங்கிலக் ‘கான்ஃபிடென்ஷியாலிட்டி’ வேறு வேரில் முளைத்தது: லத்தீன் ‘ஃபீதெரே’, நம்புதல். நம்பிச் சொன்னதைக் கேட்டவர் காக்கும் கடமையே அதன் பொருள். ‘இரகசியம்’ என்று பெயர்த்தால் அந்தக் கடமை விடுபட்டுப்போகும். ‘தனியுரிமை’யோ நோயாளியின் உரிமை. ஆகவே ‘மறைகாப்பு’ என்பதே பொருந்தும். மறை என்றால் இரகசியம்; கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுசேர்ப்பவரை அறைபறை, அதாவது அடிக்கப்படும் பறை, என்கிறது குறள் 1076. (புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், ‘ஃபார்வர்ட்’ செய்பவருக்கும் அதே பெயர்தான்.)

நோயாளி விவரங்களைப் புலனத்தில் பகிர்பவர்கள் மறைகாப்பை ‘மறையாக்க’த்தோடு (என்கிரிப்ஷன்) குழப்பிக்கொள்கிறார்கள். புலனம் 2016 முதல் செய்திகளை முழுமையாக மறையாக்கம் செய்தே அனுப்புகிறது. ஆனால் அது காப்பது வழியை மட்டும். போய்ச் சேர்ந்த செய்தி பூட்டிய திரையில் முன்னோட்டமாகத் தெரியும். படம் கேலரியில் குடும்பப் படங்களோடு உட்காரும். வார்டு கணினியில் இணைத்த புலனம் அடுத்த ஷிஃப்டுக்கும் திறந்தே கிடக்கும். கூகுள் டிரைவுக்கு ஏறும் காப்புநகலின் மறையாக்கத்தை அமைப்புகளில் நாமே இயக்க வேண்டும். 24 மணி நேரம், 7 நாள், 90 நாளில் மறையும் செய்தியையும் ஒருவர் திரைப்பிடிப்பு எடுத்துவிட்டால் தீர்ந்தது.

பெயரை மறைத்துவிட்டு ஐசி (அடையாள அட்டை) எண்ணை விட்டுவைப்பது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. அந்த 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம் (பினாங்கு 07, கோலாலம்பூர் 14). கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண். பெயரே தேவையில்லை! எக்ஸ்ரே மூலையில் இருப்பதை ஹைலைட்டரால் கிறுக்கினால், வெளிச்சத்தைக் கூட்டியதும் எழுத்து தெரியக்கூடும். அந்த ஓரத்தையே வெட்டிவிட்டு அனுப்புங்கள். அரிய நோயென்றால் வார்டும் கட்டில் எண்ணுமே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியார் கிளினிக்குகளைக் கட்டுப்படுத்தும். மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. அரசு மருத்துவரையும் மலேசிய மருத்துவ மன்றத்தின் நெறிமுறை விடாது. 2025 ஜூன் முதல், கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். தவறான குழுவில் லேப் ரிப்போர்ட் போய்விட்டால் ‘அனைவருக்கும் நீக்கு’ என்று அழுத்துங்கள். அழுத்திய கையோடு பொறுப்பாளரிடமும் சொல்லிவிடுங்கள். பார்த்த கண்ணை அந்தப் பொத்தான் அழிக்காது.