'மாசுக் ஆஙின்' என்றால் வெறும் வாயு இல்லை

போன வாரமும் அதே கதை. நாற்பதைத் தாண்டிய ஜாவானியப் பெண், இந்தோனேசியாவின் ஜாவாத் தீவுக்காரர், பினாங்கில் ஓர் ஆலையில் வேலை. எங்கள் கிளினிக் முன்மேசையில் "மாசுக் ஆஙின், டோக். டாடா அம்பெக்" என்றிருக்கிறார். மேசையில் இருந்த பிள்ளைக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. காற்று புகுந்துவிட்டதாம் என்று அட்டையில் 'வாயுத் தொல்லை' என எழுதி, வரிசையில் உட்கார வைத்துவிட்டார். நாற்பது நிமிடம். என் அறைக்கு வந்தபோது அந்த அம்மா இடது கையை மடியில் தாங்கிப் பிடித்திருந்தார், கழுத்தெல்லாம் வியர்வை. இசிஜி தாளைப் பார்த்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம்.

'டாடா' என்றால் நெஞ்சு. 'அம்பெக்' ஜாவானியச் சொல். நெஞ்சை இறுக்கி மூச்சை அடைப்பதைச் சொல்வது. அதை மலாய்க் காதால் கேட்டால் ஒன்றும் பிடிபடாது.

"இந்தோனேசியாக்காரங்கதானே டாக்டர், மலாய் தெரிஞ்சா போதாதா?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போதாது. 1928 அக்டோபர் 28-இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கூடிய இளைஞர்கள் இந்தோனேசிய மொழியே ஒற்றுமையின் மொழி என்று உறுதி எடுத்தார்கள். அதன் வேர் மலாய்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வேறு ஊர்களில், வேறு வாய்களில் வளர்ந்த மொழி. 'பூத்துஹ் ஓபாட்' என்றால் அங்கே 'மருந்து தேவை'. இங்கே 'பூத்துஹ்' கெட்ட வார்த்தை. அதைக் கேட்டு நம் ஆட்கள் சிரிக்க, அந்தத் தம்பி முகம் சிவந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். 'பூசிங்' நமக்குத் திரும்புவது, சுற்றுவது. அவர்களுக்குத் தலைவலியும் அதுதான், தலைச்சுற்றலும் அதுதான். டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொற்கள் தனி. 'மாக்' என்றால் வயிற்றுப்புண், எரிச்சல் வகை. 'தென்சி' இரத்த அழுத்தம். 'ஓப்னாமெ' ஆஸ்பத்திரியில் சேர்ப்பது. 'ஃப்ளெக்' என்றால் கறை. கர்ப்பிணி சொன்னால் இரத்தக் கசிவு, பிள்ளையின் நுரையீரலைப் பற்றித் தாய் சொன்னால் காசநோய்ச் சந்தேகம். முகத்தில் கரும்புள்ளி என்று நினைத்துக் களிம்பு கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

இதெல்லாம் இந்தோனேசிய மொழி. ஜாவானியம் முற்றிலும் வேறு மொழி, 6 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தாய்மொழி. அதில் மரியாதைக்கு ஏற்ப வார்த்தையே மாறும். மூத்தவர் சாப்பிட்டால் 'டஹார்', தான் சாப்பிட்டால் அந்தச் சொல் கூடாது. ஒரு பையன் தன் தாயை அழைத்துவந்து "இபு கெராஹ்" என்றான். இந்தோனேசிய மொழியில் 'கெராஹ்' புழுக்கம். நம் நர்ஸ் ஏர்கண்டிஷனைக் கூட்டிவைத்தார். தாய்க்கு நோய் என்று சொல்லும்போது ஜாவாவில் வளர்ந்த மகன் எடுக்கும் மரியாதைச் சொல் அது. காய்ச்சலில் இருந்த அந்த அம்மா குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

மேற்கு ஜாவாவின் சுண்டாக்காரர் வந்தால் இன்னொரு மொழி. 'கெடாங்' ஜாவானியருக்கு வாழைப்பழம், சுண்டாவில் பப்பாளி. சிறுநீரக நோயாளிக்குப் பத்தியம் சொல்லும்போது பழத்தைப் படத்தில் காட்டிவிடுங்கள்.

இனி 'மாசுக் ஆஙின்'. உடம்பு வலி, குளிர், குமட்டல், உப்புசம், காய்ச்சலின் தொடக்கம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர். அதற்கு அவர்கள் வீட்டிலேயே செய்வது 'கெரோக்கான்': முதுகில் எண்ணெய் தடவி, நாணய விளிம்பால் விலா எலும்போடு வரிவரியாகச் சுரண்டுவது. அந்தச் சிவப்பு வரிகளைக் கண்டு முதலாளி அடித்துவிட்டார் என்று பதறிய நர்ஸ் உண்டு. சந்தேகமிருந்தால் தனியாகக் கேளுங்கள், கேட்காமல் முடிவு கட்டாதீர்கள். புதிய வரி இருந்தால் கைவைத்தியம் பார்த்தும் தீராமல் வந்திருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

'ஆஙின் டுடுக்', அதாவது உட்கார்ந்த காற்று என்று எவராவது சொன்னால் வரிசையே வேண்டாம், உடனே உள்ளே அனுப்புங்கள். திடீர் நெஞ்சுவலிக்கு அவர்கள் ஊர்ப் பெயர் அது. பெரும்பாலும் இதயம்தான்.

இளம் பிள்ளைகளின் பேச்சு வேறு. 'மகெர்' என்பது 'மலாஸ் கெராக்', அசையச் சோம்பல். விளையாட்டுச் சொல்தான். ஆனால் இரண்டு மாதமாக 'மகெர் தெருஸ்', எப்போதும் சோம்பல் என்று ஒரு பெண் சொன்னால் இரத்தசோகையையும் பாருங்கள், மனத்தையும் பாருங்கள். 'லாகி டாப்பெட்' என்றால் மாதவிடாயில் இருக்கிறாள். 'தெலாட்' என்றால் நாள் தள்ளிப்போயிருக்கிறது. எக்ஸ்ரேக்கு அனுப்புமுன் சோதனை செய்யுங்கள்.

முன்மேசைப் பிள்ளைகளே, அட்டையில் உங்கள் மொழிபெயர்ப்பை எழுதாதீர்கள். நோயாளி சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். எங்கே என்று விரலால் காட்டச் சொல்லுங்கள், எப்போதிருந்து என்று கேளுங்கள். "மருந்து சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் 'ங்கிஹ்', அதாவது 'ஆமாம்' என்றுதான் ஜாவானியரிடமிருந்து பதில் வரும். பெரியவருக்கு மறுப்புச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்கள். மீதி மாத்திரையை எடுத்துக் காட்டச் சொன்னால் உண்மை தெரியும். தயவுசெய்து சிரிக்காதீர்கள். சிரித்தால் அடுத்த முறை வலியை மறைத்துவிடுவார்கள்.

முப்பது சொற்கள் எழுதிய தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நேற்று சுரபாயாக்காரத் தம்பி ஒருவர் பேனா வாங்கி, கீழே 'செனுட்-செனுட்' என்று சேர்த்தார். என்னவென்று கேட்டேன். பல்லைத் தொட்டுக் காட்டி, விரல்களை மூடித் திறந்தார். விண்விண்ணென்று தெறிக்கிற வலி.