பிரேக் பிடித்தால் கார் உதறுவது ஏன்?

தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இறக்கம் தொடங்கும் முன் வேகத்தைக் குறைக்கலாம் என்று பிரேக்கில் கால் வைத்தேன். ஸ்டீயரிங் கைக்குள் வெடவெடவென்று உதறியது. 80-ல் ஆரம்பித்த உதறல் 50-க்கு வந்ததும் அடங்கிவிட்டது. காலை எடுத்தால் வண்டி அமைதியாகப் போனது.

ஊரில் காட்டினேன். "டிஸ்க் பெண்டாயிருச்சுண்ணா, மாத்திரலாம்" என்றார்கள். சக்கரத்தோடு சுற்றும் இரும்பு வட்டுதான் டிஸ்க். முன்பக்க டிஸ்க் இரண்டையும், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் பேடுகளையும் மாற்றினோம். உதறல் போன இடம் தெரியவில்லை. ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு மெதுவாகத் திரும்பி வந்தது.

அந்த ஆறாயிரத்தில்தான் விடை இருந்தது.

வார்ப்பிரும்பு டிஸ்க் உண்மையிலேயே வளைந்துபோவது அபூர்வம். பெரும்பாலும் அதன் தடிமன்தான் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. இரண்டு பேடுகள் டிஸ்க்கை இருபுறமும் கவ்வுகின்றன. தடித்த இடம் வந்தால் பிடி இறுகும், மெலிந்த இடம் வந்தால் தளரும். இறுகும் ஒவ்வொரு முறையும், பேடுகளை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படுவதால், பிரேக் ஆயில் வழியாக அந்த உதை பெடலுக்கும் வருகிறது. 20 மைக்ரான் (0.02 மி.மீ.) வித்தியாசமே கைக்குத் தெரிந்துவிடும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

80 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரண காரின் சக்கரம் விநாடிக்குச் சுமார் 12 சுற்று சுற்றுகிறது. சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் தாமாக ஆடும் கதி பல கார்களில் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்றபடி தள்ளினால் சின்னத் தள்ளலே பெரிய ஆட்டமாகும் இல்லையா, அதேதான். 50-க்கு இறங்கினால் விநாடிக்குச் சுமார் ஏழரைச் சுற்று, தாளம் தப்பிவிடுகிறது. சஸ்பென்ஷன் இணைப்புகளான லோயர் ஆர்ம் புஷ்ஷோ பால் ஜாயிண்ட்டோ தேய்ந்திருந்தால் ஆட்டம் இன்னும் பெரிதாகும்.

சரி, புது டிஸ்க்கின் தடிமன் ஏன் மாறியது? இரண்டாவதாகப் பார்த்தவர் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியில் ஷெட் போட்டிருப்பவர். சக்கரத்தைக் கழற்றி, நட்டுகளைப் போட்டு டிஸ்க்கை இறுக்கி, அதன் விளிம்புக்குப் பக்கத்தில் நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை நிறுத்திக் கையால் சுற்றினார். முள் 12 கோடு ஆடியது. ஒரு கோடு 0.01 மி.மீ. என்றால் 0.12 மி.மீ. பெரும்பாலான கார்களுக்கு 0.05 முதல் 0.1 வரைதான் தாங்கும். டிஸ்க்கைக் கழற்றினார். டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் செதில் செதிலாகத் துரு. "இதுமேலயே புதுசை மாட்டியிருக்காங்க சார். டிஸ்க்கு சாஞ்சு உக்காந்திருக்கு" என்றார். ஹப்பில் துரு கொடுத்த சாய்வு டிஸ்க்கின் விளிம்புக்குப் போவதற்குள் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

இங்கே ஒரு நுட்பம். அந்தச் சாய்வு நேரடியாக உதறலைத் தருவதில்லை. காலிப்பர் பின்களில் நகரும்படி அமைந்திருப்பதால், டிஸ்க் ஆடினால் அதுவும் கூடவே ஆடிச் சமாளித்துவிடும். ஆனால் பிரேக் பிடிக்காதபோதும் சாய்ந்த டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் பேடை லேசாக உரசுகிறது. லட்சக்கணக்கான உரசலில் அந்த இடம் மட்டும் தேய்கிறது. அதனால்தான் மாற்றிய மறுநாள் எல்லாம் சரியாக இருந்து, மாதங்கள் கழித்து உதறல் வந்தது. சக்கர நட்டுகளை ஏர் கன்னால் கன்னாபின்னாவென்று இறுக்கினாலும் இதே கதை நடக்கலாம். குறுக்குக் குறுக்காக, குறித்த அளவு விசையில் இறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சூடு இன்னொரு காரணம். 1,200 கிலோ கார் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது விடும் ஆற்றல் சுமார் 12 லட்சம் ஜூல். மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். நியூட்ரலில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அதில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பின்சக்கர டிரம் பிரேக்கிலும்தான் போய்ச் சேரும். கணவாய் இறங்கிய சூட்டோடு நெரிசலில் நின்று பெடலை அழுத்தியபடியே இருந்தால், பேடின் பொருள் அந்த இடத்தில் படிந்து தடிப்பாகிவிடலாம். தாழ்ந்த கியரில் இறங்குங்கள், பளுவை இன்ஜின் தாங்கும்.

உதறல் எங்கிருந்து வருகிறது என்பதை ஓரளவு நாமே ஊகிக்கலாம். ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட் அதிர்ந்தால் பின்சக்கர டிரம்மையும் பாருங்கள். பிரேக் பிடிக்காமலே ஆடினால் முதலில் வீல் பேலன்சிங். அவசரமாக அழுத்தும்போது மட்டும் பெடல் கடகடவென்று உதைத்தால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், பயப்பட வேண்டாம். டிஸ்க்கை மாற்றும் முன் மைக்ரோமீட்டரால் எட்டு இடத்திலாவது அளக்கச் சொல்லுங்கள். காலிப்பர் பின்கள் இறுகியிருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

என் டிஸ்க்கில் குறிக்கப்பட்ட குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் இன்னும் சதை இருந்தது. லேத்தில் கொடுத்து அதன் முகத்தைச் சமமாகக் கடைந்தெடுத்தார்கள். வயர் பிரஷ்ஷும் எமரி ஷீட்டும் வைத்து ஹப்பை அவர் வெள்ளிபோல் ஆகும்வரை தேய்த்தார். திரும்ப மாட்டி கேஜை வைத்தபோது முள் மூன்று கோட்டோடு நின்றது. புதுப் பேடு போட்டு, ஆளில்லாத சாலையில் 60-லிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், இடையிடையே ஆறவிட்டுப் பத்துத் தடவை பிரேக் பிடித்துப் பழக்கினோம். அதன்பின் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. தொப்பூருக்கு முன்னால் கால் வைக்கும்போது ஸ்டீயரிங் அசைவதில்லை.