சிவந்த கண்ணுக்கு ‘வெள்ளையாக்கும் மருந்து’ கேட்காதீர்கள்

இத்தாலியில், பலெர்மோவில் நான் வேலை செய்யும் பார்மசிக்கு இந்தக் கிழமை இன்னொருவர். உணவகத்தில் கோப்பை கழுவும் தம்பி, வலக்கண் பழமிளகாய் நிறத்தில். “அக்கா, கண்ணை வெள்ளையாக்கிற மருந்து ஒண்டு தாங்கோ.” என்ன போட்டாய் என்றால் லென்ஸ் கழுவும் போத்தலைக் காட்டுகிறார். பெரோஸ்ஸிதோ, அதாவது ஹைட்ரஜன் பெரொக்சைட்! லென்ஸை அதில் அலசி நேரே கண்ணில் வைத்திருக்கிறார். லென்ஸ் அந்தத் திரவத்தோடு, போத்தலுடன் கூடவே வரும் கூட்டுக்குள் 6 மணி நேரமாவது கிடந்தால்தான் கண்ணுக்கு ஆகும். போத்தலின் நுனி சிவப்பாக இருப்பது அழகுக்கு அல்ல, எச்சரிக்கைக்கு. தினமும் கழுவி மாட்டுபவர்கள் ‘சொலுட்ஸியோனே ஊனிக்கா’, எல்லாத்துக்கும் ஒரே திரவம், என்று கேளுங்கள்.

இங்கே கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற எனக்குத் தமிழ் விளங்கும். மற்ற இடத்தில் ‘ஒக்கி ரொஸ்ஸி’, சிவந்த கண், என்று மட்டும் சொன்னால் நஃபசோலின் கலந்த சொட்டு மருந்து கைக்கு வந்துவிடலாம். அதற்கு டொக்டரின் துண்டும் தேவையில்லை. பிழை எங்கே என்றால், சிவப்புத்தான் நோய் என்று நம் ஆட்கள் நினைப்பதில். சிவப்பு வெறும் அறிகுறி. கிருமியாலும் சிவக்கும், தூசியாலும் சிவக்கும், கண் அழுத்தத்தாலும் சிவக்கும். இந்த மருந்து நிறத்தை மறைக்கும், காரணம் உள்ளேயே கிடக்கும். நாள்கணக்கில் விட்டால், நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். திரும்பவும் அதையே வாங்க வருவீர்கள்! சின்னப் பிள்ளைகளுக்கு அறவே வேண்டாம், கைக்கெட்டும் இடத்தில்கூட வைக்காதீர்கள்.

அதனால் மருந்தின் பெயரை விடுங்கள், கண்ணுக்கு என்ன செய்கிறது என்று சொல்லுங்கள். வறட்சி என்றால் ‘ஓ ல்யி ஒக்கி செக்கி’. கேட்க வேண்டியது ‘லாக்ரிமே ஆர்த்திஃபிச்சாலி’, செயற்கைக் கண்ணீர். அடிக்கடி விடுபவர்கள் ‘சென்ட்ஸா கொன்செர்வான்தி’ என்றும் சேர்த்துச் சொன்னால் பதப்படுத்தி கலக்காதது கிடைக்கும். கண் அரித்தால் ‘மி ப்ரூதோனோ ல்யி ஒக்கி’. லென்ஸ் போடுபவர் கேட்காமலே ‘போர்த்தோ லே லென்தி அ கொன்தாத்தோ’ என்றும், கண் அழுத்தம் உள்ளவர் ‘ஓ இல் கிளவுக்கோமா’ என்றும் சொல்லியாக வேண்டும். இந்த இரண்டையும் மறைக்காதீர்கள், தயவுசெய்து.

‘மி ஃபா மாலே லொக்கியோ’, கண் வலிக்கிறது. ‘வேதோ ஒஃபுஸ்காத்தோ’, பார்வை மங்குகிறது. இந்த இரண்டில் ஒன்று வாயில் வந்தால் பார்மசி உங்கள் இடம் இல்லை, ‘ப்ரொன்தோ சொக்கோர்சோ’வுக்கு, ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு, போங்கள். லென்ஸோடு வலி என்றால் லென்ஸைக் கழற்றிவிட்டு, அதையும் கையோடு கொண்டு போங்கள். கண்ணில் இரசாயனம் தெறித்தால் முதலில் குழாய்த் தண்ணீர், பிறகுதான் பாதை விசாரிப்பது.

ஊரிலிருந்து பெட்டிக்குள் வரும் ஸ்டீராய்டு சொட்டைப் பற்றி எழுதி எழுதிக் கை வலிக்கிறது. கண்ணில் ஹெர்பெஸ் இருக்கையில் அந்தச் சொட்டைப் போட்டால் கருவிழியே போகலாம். இங்கே அதற்கு ‘ரிச்செத்தா’, டொக்டரின் துண்டு, வேண்டும், ஊர் டொக்டரின் துண்டுக்குத் தர எங்களுக்கு அனுமதியில்லை. என்னோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

அம்மா அப்பாவைக் கூப்பிடும்போது அவர்களின் கண் மருந்தை இருக்கும் நாட்களுக்குப் போதுமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொம்பனிப் பெயர் இங்கே ஒருவருக்கும் விளங்காது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி வையுங்கள்: டிமோலோல், லட்டானோப்ரோஸ்ட் என்று. திறந்த திகதியையும் போத்தலிலேயே எழுதிவிடுங்கள்.