ஃபோர்க்: கிளை அல்ல, கவை

கடிதம், கணக்கு போன்ற அலுவலக வேலைகளுக்கான கட்டற்ற மென்பொருளான லிப்ரெஆபிஸ் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: "இது ஓப்பன்ஆபிஸின் ஒரு கிளை." ஃபோர்க் (fork) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படிக் கிளை ஆக்குகிறார்கள். தவறு. வங்கிக்குக் கிளை உண்டு, கட்சிக்குக் கிளை உண்டு. அவை தலைமைக்குக் கட்டுப்பட்டவை. லிப்ரெஆபிஸ் அப்படிப்பட்டதல்ல.

ஃபோர்க் லத்தீன் ஃபுர்காவிலிருந்து வந்தது. வைக்கோல் வாரும் கவைக்கோலைக் குறித்த சொல், சாப்பாட்டு மேசைக்குப் பிற்பாடுதான் வந்தது. மென்பொருளில், ஒரு திட்டத்தின் மூலநிரலை எடுத்துக்கொண்டு தனி நிர்வாகத்தோடு தனி வழியே போவது ஃபோர்க். முட்கரண்டி என்று இயந்திரம் மொழிபெயர்த்தால் படிப்பவருக்கே பிழை தெரிந்துவிடும். கிளை அப்படித் தெரியாது, அதனால்தான் அது நிலைத்துவிட்டது.

நடந்ததைப் பாருங்கள். 2010 ஜனவரியில் ஆரக்கிள் நிறுவனம், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தை வாங்கியது. சன் வசமிருந்த ஓப்பன்ஆபிஸும் கூடவே கைமாறியது. அதன் எதிர்காலம் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கக்கூடாது என்று எண்ணிய தன்னார்வலர்களும் வேறு நிறுவனங்களின் நிரலாளர்களும் செப்டம்பர் 28 அன்று, லிப்ரெஆபிஸை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனை அறிவித்தார்கள். ஓப்பன்ஆபிஸ் என்ற பெயரைத் தந்து உடன் வருமாறு ஆரக்கிளையும் அழைத்தார்கள். அது வரவில்லை. 2011 ஜனவரியில் லிப்ரெஆபிஸ் 3.3 வெளிவந்தது. அதே ஆண்டு ஜூனில் ஆரக்கிள் ஓப்பன்ஆபிஸை கட்டற்ற மென்பொருள் திட்டங்களைப் பேணும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. ஜெர்மனியில் பிறந்த அந்த நிரலில் ஜெர்மன் மொழிக் குறிப்புகள் மண்டிக் கிடந்தன. அவற்றை வரிவரியாக ஆங்கிலத்துக்கு மாற்றியவர்கள் லிப்ரெஆபிஸ் தன்னார்வலர்கள். இதில் எது அடிமரம், எது கிளை?

நிரலாளர்கள் சொல்லும் 'பிராஞ்ச்' (branch) ஒன்று இருக்கிறது: ஒரே திட்டத்துக்குள் ஒரு வேலைக்காகத் தனியே பிரித்து வைக்கும் நிரல்வரிசை. அதற்குக் கிளை மிகப் பொருத்தம், ஏனென்றால் வேலை முடிந்ததும் அதைத் தாய்நிரலோடு சேர்ப்பதே வழக்கம். ஃபோர்க் சேர வேண்டியதில்லை. இந்தக் கதையில் சேரவும் வழியில்லை: அப்பாச்சியின் நிரலை லிப்ரெஆபிஸ் எடுத்துக்கொள்ள உரிமம் இடம் தருகிறது, லிப்ரெஆபிஸின் நிரலை அப்பாச்சி அப்படியே எடுத்துக்கொள்ள இடமில்லை. ஃபோர்க், பிராஞ்ச் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், "உங்கள் ஃபோர்க்கில் புதிய பிராஞ்ச் உருவாக்குங்கள்" என்ற எளிய வழிகாட்டல் "உங்கள் கிளையில் புதிய கிளை உருவாக்குங்கள்" என்று ஆகிறது. புதிதாகப் பங்களிக்க வருபவர் அந்த வரியிலேயே திரும்பிப் போய்விடுவார்.

சிலர் பிளவு என்கிறார்கள். அதில் குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிளந்தவன் யார் என்ற கேள்வி உடனே எழும். கட்டற்ற உரிமம் கையில் கொடுத்த உரிமையைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தப் பழி நியாயமில்லை.

கவை இருக்கும்போது ஏன் இந்தத் தடுமாற்றம்? "கவையாகிக் கொம்பாகிக் காட்டகத்தே நிற்கும்" என்று மூதுரையில் கவை வேறாகவும் கொம்பு வேறாகவும் நிற்கின்றன. முல்லைப்பாட்டில் யானையைப் பழக்குபவன் கையில் இருப்பது கவைமுட்கருவி. சங்கப் பாடல்களில் கவலை என்றால் பிரிந்து செல்லும் வழி. ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, இரண்டும் சம உரிமையோடு நீள்வதே கவை. கவைக்கு உதவாத பேச்சு என்ற வழக்கில் மட்டுமே இன்று பலர் இச்சொல்லைக் கேட்கிறார்கள் என்பது உண்மைதான். பழகினால் வந்துவிடும். கணினி என்ற சொல்லும் அப்படிப் பழகியதுதான். வினைக்குக் கவர்த்தல் என்ற பழஞ்சொல் உண்டு, ஆனால் இன்று அது கவர்ச்சியோடு குழம்பும். ஆகவே கவைபிரிதல், கவைபிரித்தல் போதும்: "லிப்ரெஆபிஸ் 2010இல் ஓப்பன்ஆபிஸிலிருந்து கவைபிரிந்தது."

மென்பொருளைத் தமிழாக்குவோரிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, எந்தத் திரையில் எந்தப் பொத்தானில் வரும் என்று பாராமலே மாற்றுகிறார்கள். அகராதியில் முதலில் கண்ட சொல் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஒரே தமிழ்ச் சொல்லில் வந்து விழும்போதாவது நின்று யோசிக்க வேண்டாமா?