எஞ்சினை மாற்றும் முன் புரொப்பெல்லரைப் பாருங்கள்

தனியாகப் போனால் படகு பறக்கிறது. மூன்று பேர், ஐஸ் பெட்டி, பெட்ரோல் டாங்கி என்று ஏற்றிவிட்டாலோ மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுகிறது. பினாங்கில் பத்து மாவுங், தெலுக் பஹாங் பக்கம் காற்றடைத்த ரப்பர் படகில் தூண்டில் போடப் போகும் நம்மவர்கள் இதைக் கண்டதும் பெரிய எஞ்சினுக்கு விலை கேட்கிறார்கள். அவசரம் வேண்டாம். எஞ்சினின் அடியில் நீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் இறக்கைதான் புரொப்பெல்லர். அதில் பொறித்திருக்கும் எண்களை முதலில் படியுங்கள்.

9¼ x 9 என்றிருந்தால், முன்னது விட்டம், பின்னது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். நீரில் வழுக்காமல் சுழன்றால் ஒரு சுற்றில் எவ்வளவு முன்னேறுமோ அதுவே பிட்ச். சிறிய எஞ்சினில் விட்டத்தை மாற்ற அதிகம் இடமிருக்காது. நாம் தேர்ந்தெடுக்கக்கூடியது பிட்ச்தான்.

15 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 5,500 சுற்று சுழல்கிறது, கியர் விகிதம் 2.08 (எஞ்சின் 2.08 சுற்று சுழன்றால் புரொப்பெல்லர் ஒரு சுற்று) என்று வைத்துக்கொள்வோம். புரொப்பெல்லர் சுமார் 2,640 சுற்று சுழலும். 9 அங்குலப் பிட்சுக்கு அது மணிக்கு 36 கிலோமீட்டர். வழுக்கலுக்கு கால்பங்கைக் கழித்தால் 27. பிட்சை 10 ஆக்கினால் வேகம் கூடும் என்று கணக்கு ஆசை காட்டும். ஆனால் எஞ்சின் அதே 5,500-ஐ எட்டினால்தானே! பாலிக் புலாவ் மலைச்சாலையில் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு கப்சாய் எனும் சிறிய மோட்டார் சைக்கிளை டாப் கியரில் ஏற்றிப் பாருங்கள். முழுதாக முறுக்கினாலும் எஞ்சின் திணறும். பிட்ச் அதிகமான படகு எஞ்சினும் அப்படித்தான் திணறுகிறது. அந்த நிலையில் நெடுநேரம் ஓடினால் சூடேறும், கரி படியும். பிட்ச் மிகக் குறைந்தாலும் கேடுதான்: எஞ்சின் தன் எல்லையைத் தாண்டிச் சுழலும்.

ரப்பர் படகில் இது கூடுதலாக உறைக்கக் காரணம் எடைதான். 3.3 மீட்டர் படகே ஏறத்தாழ 50 கிலோதான். ஏறுகிற ஒவ்வொருவரும் மொத்த எடையை வெகுவாக மாற்றிவிடுகிறார். அதனால் ஊகிக்காமல் அளப்பதே சரி. ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றிவிடும் சிறிய சுற்றுமானி மலிவாகவே கிடைக்கிறது. வழக்கமாக ஏற்றும் சுமையோடு முழு வேகத்தில் ஓட்டி, வரும் எண்ணைக் கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிடுங்கள். 5,000 முதல் 6,000 என்று போட்டிருந்து உங்களுக்கு 4,700 வந்தால் பிட்சைக் குறைக்க வேண்டும். ஓர் அங்குலம் குறைத்தால் பொதுவாக 150 முதல் 200 சுற்று வரை கூடும். வரம்பின் மேல்பாதியில் நிற்பது நல்லது. அன்றைக்கு ஓர் ஆள் கூடினாலும் படகு தாங்கும்.

அளக்கும் முன் எஞ்சின் தொங்கும் உயரத்தையும் சரிபாருங்கள். புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். மேலே போனால் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வீணே சுழலும், சுற்றுமானியும் பொய் சொல்லும்.

உலோகத்தில் என் தேர்வு அலுமினியம். சேற்றுத் திட்டிலோ மிதக்கும் கட்டையிலோ மோதினால் இறக்கை வளையும். கியர் பிழைக்க வாய்ப்பு அதிகம். புதியது வாங்கும்போது நடுத்துளையின் பற்களை எண்ணிப் பாருங்கள். அது தண்டோடு பொருந்தாவிட்டால் மற்ற எந்த அளவு சரியாக இருந்தும் பயனில்லை.